நாயின் முடியில் ஒட்டிய முட்காய்களை வலிக்காமல் எடுப்பது எப்படி?

நடை முடிந்து திரும்பிய நாயின் காதோரத்திலும் வாலிலும் முட்காய்கள் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்தால், புதிதாக நாய் வளர்ப்பவரின் கை தானாகவே ஒன்றைப் பிடித்து இழுக்கப் போகும். தயவுசெய்து இழுக்காதீர்கள். காய் முடியை விடுவதற்கு முன்பே முடி தோலை விட்டு வந்துவிடும். அந்த வலியை அனுபவித்த நாய், அடுத்த முறை சீப்பைப் பார்த்ததுமே மூலையில் போய் ஒடுங்கிக்கொள்ளும். சில நாய்கள் பல்லைக் காட்டும். ஒரே ஒரு நாள் முரட்டுத்தனமாகச் செய்த வேலையால், பல மாதங்களுக்கு அதை வாரிவிடுவதே பெரும்பாடாகிவிடும். அதே வேலையை நிதானமாகச் செய்தால், நடுவிலேயே நாய் கண்ணயர்ந்துவிடுவதும் உண்டு.

அடிப்படை விதி ஒன்றுதான். காயை முடியிலிருந்து பிடுங்கக் கூடாது. காயை அசையாமல் பிடித்துக்கொண்டு, முடியைத்தான் அதிலிருந்து சிறிது சிறிதாக விடுவிக்க வேண்டும். கீழே வரும் எல்லாக் குறிப்புகளும் இந்த விதியைச் செயல்படுத்தும் வழிகளே.

ஏன் இவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது?

முட்காய் என்பது செடியின் விதைப்பை. இந்த விதைகள், விலங்குகளின் உடலைப் பற்றிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய் விழுகின்றன. அதற்காகவே முள்ளின் நுனி கொக்கியாக வளைந்திருக்கிறது. நாய் நடக்க நடக்க, உரசலில் ஒவ்வொரு கொக்கியும் புதிது புதிதாக முடியைச் சுற்றிக்கொள்கிறது. அதனால்தான் இப்போது ஒட்டிய காயும், மூன்று மணி நேரத்துக்கு முன் ஒட்டிய காயும் ஒன்றல்ல. முதலாவது பெரும்பாலும் இரண்டு விரலால் வந்துவிடும். இரண்டாவதற்குச் சீப்பும் பொறுமையும் வேண்டும்.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-இல் தன் நாயுடன் மலைப்பகுதியில் நடந்து திரும்பியபோது, நாயின் முடியிலும் தன் உடையிலும் ஒட்டியிருந்த, பர்டாக் என்னும் செடியின் காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அந்தக் கொக்கிகளிலிருந்துதான், ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டை பிறந்தது. 1955-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நமக்குப் பயன்படும் பாடம் அந்தப் பட்டையிலேயே இருக்கிறது. அதை நடுவில் பிடித்து நேராக இழுத்தால் எல்லாக் கொக்கிகளும் ஒன்றுசேர்ந்து எதிர்க்கும். ஓரத்தைத் தூக்கி உரித்தால் ஒவ்வொரு வரிசையாக விட்டுக்கொடுக்கும். முட்காயையும் எப்போதும் ஓரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எந்தக் காய் என்று முதலில் பாருங்கள்

எல்லா முட்காய்களும் ஒரே ஆபத்து உடையவை அல்ல. எடுக்கும் முறையும் ஆளுக்கு ஆள் அல்ல, காய்க்குக் காய் மாறும்.

மருளூமத்தையின் காய் முட்டை வடிவில், உடல் முழுதும் கொக்கி முட்களோடு, நுனியில் இரண்டு கொம்புகளோடு இருக்கும். பச்சையாக இருக்கும்போது அமுங்கும், காய்ந்தபின் கல்லாகிவிடும். வெறும் கையால் பிடித்தால் விரல் குத்துப்படும். இதன் விதையிலும், முளைவிட்ட இளநாற்றிலும் நச்சு உண்டு. நாற்றைத் தின்ற கால்நடைகள் இறந்திருக்கின்றன. ஆகவே நாய் இந்தக் காயைக் கடித்து மென்றுகொண்டிருக்க விடாதீர்கள். பர்டாக் காய் உருண்டையாக இருக்கும், கொக்கிகள் மெல்லியவை, அழுத்தினால் உதிர்ந்து நூற்றுக்கணக்கான நுண்ணிய சிலும்புகளாகிவிடும். இந்தச் சிலும்புகள் நாக்கிலும் கண்ணிலும் புகுந்தால் தொல்லை பெரிது.

நாயுருவி, ஒட்டுப்புல் போன்றவற்றின் விதைகள் சிறியவை. ஒன்றிரண்டாக வராமல், கால் முடியில் வரிசையாக ஏறியிருக்கும். ஒவ்வொன்றாக எடுப்பது சலிப்பான வேலைதான். ஆனால் இவை முடியைப் பந்தாகச் சுருட்டுவது குறைவு. நெருஞ்சி முடியில் நிற்பதைவிடக் காலடியில்தான் குத்தும். அதன் காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் உறுதியான முட்கள் உண்டு. சைக்கிள் டயரையே துளைக்கக்கூடியவை. நாய் நடக்கும்போது திடீரென ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றால், முதலில் நெருஞ்சியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது ஊசிப்புல் வகைகளைத்தான். பார்ப்பதற்கு ஒரு மெல்லிய வைக்கோல் துணுக்குபோலத்தான் இருக்கும். ஆனால் விதையின் அடி நுனி ஊசிபோல் கூர்மையானது, அதைச் சுற்றிப் பின்னோக்கிய மயிர்கள் நிறைந்தது. மேலே உள்ள நீண்ட வால், ஈரம் பட்டாலும் காய்ந்தாலும் முறுக்கிக்கொண்டு சுழலும். அந்தச் சுழற்சி விதையை மண்ணுக்குள் துளைத்துச் செல்ல உதவுவது. மண்ணுக்குப் பதில் நாயின் தோல் கிடைத்தாலும் அது துளைக்கும். பின்னோக்கிய மயிர்கள் இருப்பதால் முன்னேதான் போகும், திரும்பி வராது. மற்ற காய்கள் முடியின் பிரச்சினை. இது உடம்பின் பிரச்சினை.

முதலில் குளிப்பாட்டாதீர்கள்

புதியவர்கள் பலரும் நினைப்பது: தண்ணீர் ஊற்றி ஷாம்பூ போட்டால் காய்கள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நடப்பது நேர்மாறு. காயைச் சுற்றியுள்ள சிக்கு நனைந்து, உலரும்போது இன்னும் இறுகிவிடும். நேற்று பிரிக்க முடிந்த சிக்கு இன்று கம்பளி உருண்டையாகக் கிடக்கும். ஊசிப்புல் விதை இருந்தால் ஈரம் அதைச் சுழலவும் வைக்கும். நாய் ஏற்கெனவே நனைந்துதான் வந்திருக்கிறது என்றால், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உலர விட்டு, பிறகு தொடங்குங்கள். எல்லாக் காயும் போன பிறகுதான் குளியல்.

கையருகே வைத்துக்கொள்ள வேண்டியவை

தொடங்கிய பிறகு எழுந்து போய்ப் பொருள்களைத் தேடினால் நாயும் எழுந்து போய்விடும். எனவே முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மிக முக்கியமானது, ஒரு பக்கம் அகன்ற பற்களும் மறுபக்கம் நெருங்கிய பற்களும் கொண்ட உலோகச் சீப்பு. ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். மெல்லிய கம்பிப் பற்கள் கொண்ட பிரஷ் பிற்பாடு வாரிவிட உதவும், காயை எடுக்க உதவாது. காயை நொறுக்க ஒரு சாதாரணக் குறடு, சிறு விதைகளுக்கு இடுக்கி, முனை மழுங்கிய கத்தரி, டார்ச் விளக்கு, மெல்லிய கையுறை, எடுத்த காய்களைப் போட மூடியுள்ள டப்பா ஆகியவை போதும்.

வழுக்கலுக்கு என்ன பயன்படுத்துவது என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. நாய்களுக்கென்று விற்கும் கண்டிஷனரோ, சிக்கு நீக்கும் ஸ்பிரேயோ நல்லது. அது இல்லாவிட்டால், சமையல் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விரலில் தேய்த்துக் காயைச் சுற்றித் தடவலாம். எண்ணெய்ப் பிசுக்கு வேண்டாம் என்பவர்கள் சோள மாவைத் தூவித் தேய்த்தாலும் முடிகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், டர்பன்டைன் எதுவும் அருகே வரக் கூடாது. தேயிலை மர எண்ணெய் நாய்களுக்கு நஞ்சு. இயற்கைப் பொருள்தானே என்று எண்ணித் தடவிவிடாதீர்கள். எதைத் தடவினாலும் நாய் அதை நக்கப் போகிறது என்பதை நினைவில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

ஆபத்தான இடங்கள் முதலில்

கண்ணில் படும் பெரிய காயிலிருந்து தொடங்கத்தான் தோன்றும். ஆனால் வாலில் தொங்கும் காய் அரை மணி நேரம் காத்திருக்கும். காதுக்குள் போய்க்கொண்டிருக்கும் விதை காத்திருக்காது. நாயின் பொறுமையும் தொடக்கத்தில்தான் அதிகம் இருக்கும். அதைத் தேவையான இடத்தில் செலவிடுங்கள்.

காதிலிருந்து தொடங்கலாம். மடலைத் திருப்பி டார்ச் வெளிச்சத்தில் உட்புறத்தைப் பாருங்கள். மடலின் வெளி விளிம்பில், அடிப்பகுதியை ஒட்டி, தோல் இரண்டாக மடிந்து ஒரு சிறு பைபோல் இருக்கும். அதைப் பலர் கவனிப்பதே இல்லை. கட்டைவிரலால் அந்த மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். புல்விதைகளும் உண்ணிகளும் தங்குவதற்கு அது வசதியான இடம். காதின் வாயில் தெரியும்படி நிற்கும் விதையை இடுக்கியால் மெல்ல எடுக்கலாம். துளைக்குள் இறங்கிவிட்டதை எடுக்க முயலாதீர்கள். பஞ்சுக்குச்சி அதை இன்னும் உள்ளே தள்ளும். செவிப்பறை கிழிந்திருக்குமோ என்று தெரியாத நிலையில் சொட்டு மருந்தும் ஊற்றக் கூடாது.

அடுத்தது கண். இமையோரத்தில் முடியில் மட்டும் ஒட்டியிருந்தால், காயைக் கண்ணுக்கு எதிர்ப்பக்கமாக நகர்த்தி எடுங்கள். ஒரு கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டு நீர் வடித்தால், இமைக்கு உள்ளே ஏதோ இருக்கிறது என்று கொள்ளுங்கள். அதை இடுக்கியால் தொட வேண்டாம். நாய் முன்னங்காலால் கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு சிலும்பு சில மணி நேரத்தில் கருவிழியைப் புண்ணாக்கிவிடும்.

வாயையும் பார்க்க வேண்டும். நாய் தன் காலில் ஒட்டியதைத் தானே பல்லால் கடித்து எடுக்கப் பார்க்கும். அப்போது நுண்ணிய முட்கள் நாக்கின் ஓரத்திலும் ஈறுகளிலும் ஏறிவிடும். எச்சில் வடிவது, வாயைக் காலால் தட்டுவது, பிடித்த உணவை வாயருகே கொண்டுபோய் விட்டுவிடுவது ஆகியவை அடையாளங்கள். உதட்டைத் தூக்கி ஈறுகளையும், நாக்கின் அடியையும் பாருங்கள். நாக்கில் மணல்மணலாகச் சிவந்த புடைப்புகள் தெரிந்தால் நுண்முட்கள் தசைக்குள் இருக்கின்றன. அது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

பிறகு நான்கு பாதங்கள். ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்து, மேலிருந்து ஒருமுறை, அடியிலிருந்து ஒருமுறை பாருங்கள். அடிப்பாதத் திண்டுகளுக்கு நடுவே நீண்டு வளரும் முடி, விதைகளை மறைத்துக்கொள்ளும்; பார்வையை நம்பாமல் விரல் நுனியால் தடவுங்கள். பக்கவாட்டில் சற்று உயரத்தில் நிற்கும் கட்டைவிரல் நகத்தின் பின்புறத்தையும் விடாதீர்கள். நெருஞ்சி குத்தியிருந்தால், குத்திய திசையிலேயே நேராக வெளியே இழுங்கள். ஆட்டினால் முனை உள்ளே முறிந்துவிடும்.

அதன் பிறகு முன்னங்காலின் அக்குள், தொடையிடுக்கு, வயிறு, ஆசனவாயைச் சுற்றிய பகுதி, கழுத்துப் பட்டைக்கு அடி. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஒரு காய், நாள் முழுதும் கழுத்தைக் குத்திக்கொண்டே இருக்கும்.

காயை விடுவிக்கும் முறை

நடையில் களைத்து வந்த நாய் இந்த வேலைக்கு ஏற்ற நாய். தண்ணீர் குடிக்கவிட்டு, மூச்சிரைப்பு அடங்கியதும் தொடங்குங்கள். வழுக்காத தரைவிரிப்பில் அதைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். இன்னொருவர் தலைப்பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டும், சிறு சிறு துண்டுகளாகத் தின்பண்டம் கொடுத்துக்கொண்டும் இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

முதலில் வெறும் உள்ளங்கையால் முடி வளரும் திசையில் ஒருமுறை, எதிர்த்திசையில் ஒருமுறை உடல் முழுதும் தடவிப் பாருங்கள். வெளியே தெரியும் காய்களைவிட அடிமுடிக்குள் புதைந்தவை அதிகமாக இருக்கலாம். எங்கெங்கே கெட்டியாகத் தட்டுப்படுகிறது என்று கை நினைவில் வைத்துக்கொள்ளும்.

இனி ஒரு காயை எடுத்துக்கொள்வோம். இடது கையின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் காய்க்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, முடிக்கற்றையைத் தோலை ஒட்டி இறுகப் பிடியுங்கள். இந்தப் பிடியை வேலை முடியும்வரை விடக் கூடாது. நீங்கள் மேலே எவ்வளவு இழுத்தாலும் அந்த இழுவிசை உங்கள் விரல்களோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. நாய் வலியில்லாமல் படுத்திருப்பதற்கும் துள்ளி எழுவதற்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு விரல்களில்தான் இருக்கிறது.

வலது கையால் காயின் வெளி ஓரத்தில், அதாவது முடியின் நுனிப்பக்கத்தில், நான்கைந்து முடிகளை மட்டும் பிரித்து எடுங்கள். அவற்றைப் பக்கவாட்டில் இழுத்தால் கொக்கியிலிருந்து நழுவி வரும். அடுத்த நான்கைந்து. அடுத்தது. காய் மெல்ல மெல்லத் தளர்ந்து ஆடத் தொடங்கும். மூன்றில் இரண்டு பங்கு முடி விடுபட்டதும், மீதியைக் காயே விட்டுவிடும். விரலால் பிரிக்க முடியாத அளவு நெருக்கமாக இருந்தால் சீப்பின் அகன்ற பக்கத்தை எடுத்து, அதன் ஓரத்தில் உள்ள ஒன்றிரண்டு பற்களை மட்டும் பயன்படுத்தி நுனியிலிருந்து சிறு சிறு இழுப்பாக வாருங்கள். வேரிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பாக வாரவே கூடாது. அப்படி வாரினால் காய் முடியின் நீளம் முழுதும் உருண்டு, போகும் வழியில் உள்ள எல்லா முடியையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்ளும்.

இதற்கும் அசையாத காய்க்குக் குறடு. கையுறை அணிந்து, காயைத் தோலிலிருந்து தூக்கிப் பிடித்து, குறட்டின் வாயில் காயை மட்டும் வைத்து அழுத்துங்கள். தோலோ முடிவேரோ உள்ளே மாட்டவில்லை என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காய் நொறுங்கியதும் கொக்கிகளைத் தாங்கி நிற்கும் உடம்பு போய்விடுகிறது. துண்டுகள் தனித்தனியாகச் சீப்போடு வந்துவிடும். காய்ந்த மருளூமத்தைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பர்டாக் போலச் சிலும்பு உதிரும் காயை முகத்தருகே நொறுக்காதீர்கள். அங்கே கண்டிஷனர் தடவி விரலால் பிரிப்பதுதான் சரி.

எண்ணெயோ கண்டிஷனரோ தடவினால், உடனே தொடங்காமல் சில நிமிடங்கள் ஊறவிடுங்கள். அதற்குள் வேறோர் இடத்துக் காயை எடுக்கலாம்.

நாயுருவி போன்ற சிறு விதைகள் வரிசையாக ஏறியிருந்தால், ஒவ்வொன்றாகக் கிள்ளுவதைவிடச் சீப்பின் நெருங்கிய பற்களால், நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறி வாருவதே விரைவானது. அடிமுடியைப் பிடிக்கும் இடது கை மட்டும் இங்கும் மாறாது.

நாயின் முகத்தையும் அவ்வப்போது பாருங்கள். திரும்பத் திரும்ப உதட்டை நக்குவது, தூக்கமில்லாத கொட்டாவி, உடல் விறைப்பது, தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் உங்கள் கையைப் பார்ப்பது எல்லாம் ‘போதும்’ என்று அது சொல்லும் மொழி. உறுமும்வரை காத்திருக்காமல் அப்போதே நிறுத்துங்கள். கொஞ்சம் உலாவ விட்டு மீண்டும் அழையுங்கள். தோலைக் குத்தாத காய்கள் இரவு உணவுக்குப் பிறகு போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. உறுமியதற்காக நாயைத் திட்டாதீர்கள். உறுமக் கூடாது என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். வாயைத் துணியால் இறுகக் கட்டி வேலை செய்வதும் வேண்டாம். நாய் வாய் திறந்து இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

முடி பந்தாகச் சுருண்டுவிட்டால்

காயைக் கவனிக்காமல் சில நாள் விட்டிருந்தால், அதைச் சுற்றி முடி நெசவு நெய்ததுபோல் இறுகிவிடும். காய் நடுவில் இருப்பதே தெரியாது. இங்கேதான் எல்லாரும் கத்தரியை எடுக்கிறார்கள். பெரும்பாலான வெட்டுக்காயங்களும் இங்கேதான் நடக்கின்றன. நாயின் மேல்தோல் நம் தோலைவிட மெல்லியது. முடிப்பந்து இறுகும்போது அடியில் உள்ள தோலையும் கூடாரம்போல் மேலே தூக்கிக்கொள்கிறது. பந்தின் அடியில் முடி என்று நினைத்து வெட்டினால் வெட்டுப்படுவது தோல். அக்குளிலும் காதின் பின்புறத்திலும் இது மிக எளிதாக நடந்துவிடும்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். சீப்பைப் பந்துக்கும் தோலுக்கும் நடுவே முழுதும் நுழைத்துப் பாருங்கள். சீப்பு நுழையவில்லை என்றால் கத்தரியும் வேண்டாம். அந்த இடத்தை மின் கத்தரியால் மழிக்கத் தெரிந்த முடி திருத்துநரிடமோ மருத்துவரிடமோ விட்டுவிடுங்கள். சீப்பு நுழைந்தால், அதன் மேல் பக்கத்தில், தோலுக்கு இணையாக வெட்டாமல், தோலிலிருந்து வெளிநோக்கி முடி வளரும் வாக்கில் பந்தைப் பிளப்பதுபோல் இரண்டு மூன்று கீறல்கள் கொடுங்கள். பந்து கீற்றுகளாகப் பிரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு கீற்றையும் விரலால் நுனியிலிருந்து அவிழ்க்கலாம். காய் வெளியே தெரிந்துவிடும். முடியும் பெருமளவு மிஞ்சும்.

எடுத்த பிறகு

காய் இருந்த ஒவ்வோர் இடத்திலும் முடியை விலக்கித் தோலைப் பாருங்கள். லேசான சிவப்பும் கீறலும் வெதுவெதுப்பான நீரில் துடைத்துவிட்டால் ஆறிவிடும். ஈரமாக, முடி உதிர்ந்து, தொட்டால் சுடும் திட்டு தெரிந்தால் நாய் அதை நக்கி நக்கிப் பெரிதாக்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிறகு முழு உடலையும் ஒருமுறை நெருங்கிய பற்களால் வாருங்கள். சீப்பு எங்கே தடுக்கிறதோ அங்கே ஒன்று மிச்சம் இருக்கிறது. மறுநாள் காலையிலும் காதையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். முதல் நாள் கண்ணுக்குத் தப்பியவை அப்போது அகப்படும்.

எடுத்த காய்களைத் தோட்டத்திலோ உரக்குழியிலோ கொட்டக் கூடாது. அவை விதைகள், முளைக்கும். மருளூமத்தையின் ஒவ்வொரு காயிலும் இரண்டு விதைகள் உண்டு. ஒன்று முதலிலும் மற்றது பிற்பாடும் முளைப்பது அதன் இயல்பு. ஆகவே ஒருமுறை பிடுங்கிப் போட்டதோடு தொல்லை தீராது. பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். நாய் படுத்த விரிப்பையும், வாகன இருக்கையையும், உங்கள் காலுறையையும் உதறிப் பாருங்கள்.

அடுத்து வரும் நாள்களில் சில அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு விடாமல் உதறினால் காதில் விதை இருக்கலாம். புல்வெளியில் மோப்பம் பிடித்துவிட்டு வந்ததும் அடக்க முடியாமல் தும்மினாலோ, ஒரு மூக்குத் துளையில் மட்டும் இரத்தம் கசிந்தாலோ மூக்கினுள் ஏறியிருக்கலாம். ஒரே பாதத்தைத் திரும்பத் திரும்ப நக்கி, விரலிடுக்கில் வீக்கமும், சிறு துளையில் நீர்க்கசிவும் தெரிந்தால் ஊசிப்புல் உள்ளே புகுந்துவிட்டது என்றே கொள்ளுங்கள். தும்மல் தானாக நின்றுவிட்டாலும் விதை வெளியே வந்துவிட்டது என்று பொருள் அல்ல. புல்விதை உடம்புக்குள் கரைவதில்லை; கிருமிகளையும் சுமந்துகொண்டு உள்ளே நகர்ந்து மார்புக்கூடுவரை போனதும் உண்டு. சாதாரண எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் தெரியாது. அதனால் மருத்துவரிடம் “வீக்கம் இருக்கிறது” என்று மட்டும் சொல்லாமல், “முள்செடிகள் உள்ள புல்வெளியில் நடந்தது” என்றும் சொல்லுங்கள். எங்கே தேட வேண்டும் என்பது அவருக்கு அதிலிருந்துதான் தெரியும்.

அடுத்த நடைக்கு முன்

சிக்கில்லாத முடியில் காய் ஒட்டினாலும் ஆழமாகப் போகாது. எனவே நடைக்கு முன் இரண்டு நிமிடம் வாரிவிடுவது, திரும்பியபின் இருபது நிமிட வேலையை மிச்சப்படுத்தும். நீண்ட முடியுள்ள நாயானால், காதோரம், தொடையின் பின்புறம், வால் ஆகியவற்றில் சிக்கு நீக்கும் ஸ்பிரேயை லேசாகத் தெளித்துவிடுங்கள். காய் அதில் சரியாகப் பிடிப்பதில்லை. விரலிடுக்குகளிலும் அடிப்பாதத்திலும் வளரும் முடியைத் திண்டின் மட்டத்துக்குக் கத்தரித்து வைப்பது, ஊசிப்புல்லுக்கு எதிராக நான் அறிந்த மிகப் பயனுள்ள ஒரே காரியம். காதின் உட்புற விளிம்பிலும், தொடையிலும் கொஞ்சம் குட்டையாக்கலாம். ஆனால் காய்களுக்குப் பயந்து, கீழே மென்முடியும் மேலே கரடுமுடியுமாக இரண்டு அடுக்கு முடி உள்ள நாயை மொட்டையடித்துவிடாதீர்கள். அந்த அடுக்குகள் வெயிலிலிருந்தும் குளிரிலிருந்தும் தோலைக் காக்கின்றன. மழித்தபின் சில நாய்களுக்கு அது பழையபடி வளர்வதே இல்லை.

செடி பச்சையாகப் பூத்திருக்கும்போது ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. மழை ஓய்ந்து, காய் முற்றி, செடி காயத் தொடங்கும் வாரங்கள்தான் மோசமானவை. அந்த வாரங்களில் மட்டும் பாதையின் ஓரப் புதர்களைத் தவிர்த்து, நாயைக் குட்டையான கயிற்றில், பாதையின் நடுவிலேயே நடத்துங்கள். நடை முடியும் இடத்திலேயே, வாகனத்தில் ஏற்றுவதற்கு முன் காதையும் பாதங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டால், பாதிக் காய்கள் அங்கேயே விரலால் வந்துவிடும். வீட்டைச் சுற்றி முளைத்திருந்தால் பூ விடும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். காய்த்த பிறகு பிடுங்குவதானால் செடியின் தலைப்பக்கம் ஒரு பையைக் கவிழ்த்துக் கட்டிவிட்டுப் பிடுங்க வேண்டும்; இல்லையென்றால் பிடுங்கும் அசைவிலேயே விதை எல்லாப் பக்கமும் சிதறிவிடும்.